டயாலிசிஸுக்கு வெளியே இருக்கும் 156 மணி நேரம்: நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்று ஹீமோடயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) செய்துகொள்பவர் அதில் 12 மணி நேரம்தான் இயந்திரத்தோடு இருக்கிறார். மீதி 156 மணி நேரம் வீட்டிலும் வேலையிலும் பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் கழிகிறது. ஆனால் நம் ஊரில் பேச்செல்லாம் "கிரியேட்டினின் (ரத்தத்தில் சேரும் தசைக் கழிவு) எவ்வளவு?" என்பதிலேயே நின்றுவிடுகிறது. டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை. நன்றாகச் சாப்பிட்டுத் தசையோடு இருப்பவருக்கு அது கூடுதலாகவே இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: டயாலிசிஸ் முடிந்து எத்தனை மணி நேரத்தில் நான் பழையபடி ஆகிறேன்? சிறுநீரக மருத்துவர்களே நோயாளியின் நிலையை அறிய இந்தக் கேள்வியைப் பயன்படுத்துகிறார்கள். டயாலிசிஸ் ஆராய்ச்சிகளில் எதையெல்லாம் கட்டாயம் அளக்க வேண்டும் என்று பல நாட்டு நோயாளிகள், குடும்பத்தார், மருத்துவர்கள் எல்லோரையும் கேட்டு ஒரு பட்டியல் தயாரித்தபோது, இதய நோய், டயாலிசிஸுக்காக ரத்தம் எடுக்கும் ரத்தக் குழாய் வழி, உயிரிழப்பு ஆகிய மூன்றோடு சோர்வும் அதில் இடம்பிடித்தது.

டயாலிசிஸ் என்றால் அப்படித்தான், அன்று முழுக்கப் படுத்தே கிடக்க வேண்டியதுதான் என்று நிறையப் பேர் ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மயக்கம், தசைப்பிடிப்பு, அடித்துப் போட்டதுபோன்ற அசதி இவற்றில் பெரும்பங்கு, உடம்பிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு நீர் இழுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த வேகத்தைக் குறைக்க நோயாளியால் முடியும். அதனால் முதலில் அதையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: ஒரு நோட்டுப் புத்தகம், நான்கு எண்கள்

முதல் மாதத்திலேயே ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். டயாலிசிஸ் நாள் ஒவ்வொன்றிலும் நான்கு விஷயம் எழுதினால் போதும்: போகும்போது எடை, வரும்போது எடை, முன்னும் பின்னும் ரத்த அழுத்தம், எத்தனை மணிக்கு உடம்பு தெளிந்தது. தினமும் காலையில் கழிவறை போய்வந்த பிறகு, ஒரே எடைக் கருவியில், ஒரே மாதிரி உடையில் வீட்டிலும் எடை பாருங்கள்.

இந்த நோட்டின் மையப்புள்ளி 'டிரை வெயிட்'. உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது உங்களுக்கு இருக்கும் எடை அது. கால் வீக்கம் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, ரத்த அழுத்தம் கட்டுக்குள், தலைசுற்றலும் இல்லை என்ற நிலையில் மருத்துவர் அதை நிர்ணயிப்பார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டிரை வெயிட் ஒருமுறை சொன்னால் அப்படியே நிற்கும் எண் கிடையாது. டயாலிசிஸ் ஆரம்பித்துச் சில மாதங்களில் வாந்தி நின்று பசி எடுக்கும், சதை பிடிக்கும். அப்போதும் பழைய எண்ணுக்கே இறக்கினால் உடம்பில் இருக்க வேண்டிய நீரையும் சேர்த்து இழுக்கிறார்கள் என்று அர்த்தம். கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதும், கடைசி ஒரு மணி நேரத்தில் அழுத்தம் விழுவதும் அதனால் இருக்கலாம். நேர்மாறாக, காய்ச்சலில் படுத்துச் சாப்பிடாமல் சதை குறைந்திருந்தால், எடை அதேபோல் தெரிந்தாலும் அதற்குள் நீர் ஒளிந்திருக்கும். இரவில் படுத்தால் மூச்சு முட்டும். சாப்பாட்டில் மாற்றம் வந்த ஒவ்வொரு முறையும் "டிரை வெயிட்டைக் கொஞ்சம் பாருங்கள் டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள்.

படி 2: தண்ணீரை அளப்பதற்கு முன் உப்பைக் குறையுங்கள்

கணக்கு எளிது. ஒரு கிலோ எடை கூடினால் ஒரு லிட்டர் நீர். டிரை வெயிட் 60 கிலோ உள்ளவர் 3 கிலோ கூடி வந்தால், நான்கு மணி நேரத்தில் 3000 மில்லி எடுக்க வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 12.5 மில்லி. 13-ஐத் தாண்டினால் இதயத்துக்குப் பாரம் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். அதே ஆள் 4 கிலோ கூடி வந்தால் கணக்கு 16.7 ஆகிவிடுகிறது. அன்று மயக்கம் வந்தால் டெக்னீஷியனைக் குறைசொல்லிப் பயனில்லை. அப்படிப்பட்ட நாளில் வேகத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். அரை மணியோ ஒரு மணியோ நேரத்தை நீட்ட முடியுமா என்று கேளுங்கள். இதயமும் இதைக் கணக்கு வைத்துக்கொள்கிறது: வேகமாக இழுக்கும்போது இதயத் தசைக்கு ரத்த ஓட்டம் குறைந்து, மாதக்கணக்கில் அது பலவீனப்படும்.

எவ்வளவு குடிக்கலாம்? நாள் முழுக்க வரும் சிறுநீரின் அளவோடு 500 மில்லி சேர்த்துக்கொள்வது வழக்கமான கணக்கு. வெயில் காலத்தில் மருத்துவர் சற்றுக் கூட்டித் தருவார். ரசம், மோர், கஞ்சி, கூழ், காபி, நீராகாரம், ஐஸ்கிரீம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். "நான் தண்ணியே குடிக்கலை" என்று சொல்பவர் காலையில் கஞ்சி, மதியம் ரசம் சோறு, மாலையில் டீ என்று முக்கால் லிட்டரை விழுங்கியிருப்பார்.

தண்ணீரை மட்டும் மிரட்டிக் குறைக்கச் சொல்வது கொடுமை. உப்பு உள்ளே போனால் தாகம் எடுத்தே தீரும். முதலில் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு சிறு கரண்டி. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, சிப்ஸ், ஹோட்டல் சாம்பார் இவற்றை நிறுத்தினாலே இரண்டு வாரத்தில் தாகம் குறைவது தெரியும். நாக்கும் பழகிவிடும். வீட்டில் எல்லோருக்குமே உப்பைக் குறைத்துச் சமைத்து, வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒருவருக்கு மட்டும் தனிச் சட்டியில் சமைத்தால் அவர் ஒவ்வொரு வேளையும் தான் நோயாளி என்பதை நினைத்துக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்கும்.

உப்பில் இரண்டு பொறிகள். இந்துப்பு சிறுநீரகத்துக்கு நல்லது என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். கடையில் 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பு அதைவிட ஆபத்து. சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீட்டுக்குள் அது வரவே கூடாது.

தாகத்தைச் சமாளிக்கச் சில வழிகள். காலையில் அன்றைய அளவை ஒரு பாட்டிலில் பிடித்துவையுங்கள். காபியோ ரசமோ எடுக்கும்போதெல்லாம் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். மிச்சம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். பெரிய டம்ளரை மாற்றிச் சின்ன டம்ளர் வையுங்கள். வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தச் சர்க்கரை ஏறினாலே தாகம் எடுக்கும். அதைக் கட்டுப்படுத்தாமல் தண்ணீரைக் கட்டுப்படுத்த முடியாது.

திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்குச் சனி, ஞாயிறு இடைவெளி. செவ்வாய், வியாழன், சனி போகிறவருக்கு ஞாயிறு, திங்கள். மூன்று நாள் சுற்றில் ஆபத்து கூடுவது இந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான். முகூர்த்த நாள்களும் விருந்துகளும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையிலேயே வருகின்றன. போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போங்கள், பாயசத்தையும் பழத்தையும் விட்டுவிட்டுச் சோறும் பொரியலும் சாப்பிடுங்கள்.

படி 3: கையைக் காப்பாற்றுங்கள்

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா முறையை நியூயார்க் மருத்துவர்கள் 1966-ல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் அதைவிட நல்ல வழி பெரும்பாலானவர்களுக்கு இல்லை. கழுத்தில் போடும் கத்தீட்டர் குழாயில் கிருமித் தொற்று வாய்ப்பு மிக அதிகம். ஃபிஸ்டுலா பயன்பாட்டுக்கு வர ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். டயாலிசிஸ் தேவைப்படும் என்று மருத்துவர் சொன்ன அன்றே அதைப் பற்றிப் பேசுங்கள். "கடைசி நேரத்தில் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுபவர்களுக்குக் கழுத்துக் குழாயோடுதான் ஆரம்பிக்கிறது.

ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ அழுத்தம் பார்க்கவோ விடக் கூடாது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மறக்காமல் சொல்லுங்கள். இறுக்கமான வளையல், கைக்கடிகாரம் வேண்டாம். அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்க வேண்டாம். குடம், காய்கறிப் பை போன்றவற்றை அந்தக் கையில் மாட்டித் தூக்க வேண்டாம். தினமும் காலை, இரவு விரலை வைத்துப் பாருங்கள். 'விர்ர்' என்ற அதிர்வு தெரிய வேண்டும். அது நின்றுவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். உள்ளே உறைந்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் எடுத்தால் ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் குத்தினால் அங்கே தோல் மெலிந்து புடைக்கும். இடத்தை மாற்றிக் குத்தும்படி கேளுங்கள். இதைக் கேட்பதால் டெக்னீஷியன் கோபித்துக்கொள்ள மாட்டார். கத்தீட்டர் இருப்பவர்கள் கட்டு நனையாமல் துடைத்துக் குளிக்க வேண்டும். டயாலிசிஸின்போது குளிரும் நடுக்கமும் வந்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும்.

படி 4: சாப்பாடு

டயாலிசிஸுக்கு முந்தைய காலத்தில் "புரதத்தைக் குறையுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்ததும் அந்த விதி தலைகீழாகிறது. ஒவ்வொரு முறையும் ரத்தத்திலிருந்து அமினோ அமிலங்கள் கொஞ்சம் வெளியே போகின்றன. அதனால் ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். பழைய பயத்திலேயே பருப்பையும் முட்டையையும் ஒதுக்கிச் சோறும் ரசமுமாகச் சாப்பிட்டு மெலிந்துபோகிறவர்களை எந்த டயாலிசிஸ் கூடத்திலும் பார்க்கலாம். முட்டை வெள்ளைக்கரு நல்ல தேர்வு: புரதம் உண்டு, பாஸ்பரஸ் மிகக் குறைவு. மீனும் கோழியும் அளவோடு. சைவர்களுக்குப் பருப்பு, பனீர், சோயா என்று எதை எவ்வளவு எடுப்பது என்பதை உணவியல் நிபுணரிடம் உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்வது அவசியம், ஏனென்றால் இவற்றில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் சேர்ந்தே வருகின்றன.

பொட்டாசியம் விஷயத்தில் விளையாடக் கூடாது. மற்ற எண்கள் மாதக்கணக்கில் கெடுக்கும். இது ஒரே இரவில் இதயத் துடிப்பை நிறுத்தும். நாள் முழுக்க 2000 முதல் 2500 மில்லிகிராம் என்பது பலருக்குத் தரப்படும் வரம்பு. ஒரு இளநீரிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் போய்விடும். "உடம்பு சூடு, ஒரு இளநீர் குடி" என்று அன்போடு வெட்டிக் கொடுக்கும் உறவினர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். வாழைத்தண்டுச் சாறும் அப்படித்தான். கல்லுக்குக் குடிப்பார்கள் என்பதால் கிட்னிக்கே நல்லது என்று கொண்டுவந்து தருவார்கள். டயாலிசிஸில் இருப்பவருக்கு அது வேண்டாம். வாழைப்பழம், சப்போட்டா, பலா, மாம்பழம், ஆரஞ்சுச் சாறு, பேரீச்சை, உலர் திராட்சை, முருங்கைக்கீரை, உருளை, சேனை, மரவள்ளி, தக்காளித் தொக்கு ஆகியவையும் கவனத்துக்குரியவை. நட்சத்திர வடிவில் வெட்டுப்படும் புளிப்பான ஸ்டார் ஃப்ரூட்டை ஒரு துண்டுகூடத் தொடக் கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருள் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு மூளையைப் பாதித்து வலிப்பு வரை கொண்டுபோகும்.

சாப்பிடக்கூடியவையும் ஏராளம். சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், சௌசௌ, கோவைக்காய், முட்டைக்கோஸ், கத்தரி; பழத்தில் ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி, அளவாகப் பப்பாளி. ஆசைக்கு உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். வெறுமனே ஊறவைப்பதைவிட வேகவைத்து வடிப்பதில்தான் பொட்டாசியம் அதிகம் வெளியேறும். கீரைக்கும் இதே முறை. வடித்த நீரைச் சூப்பாக்கிக் குடித்தால் செய்த வேலை வீண். மலச்சிக்கலும் பொட்டாசியத்தை ஏற்றும், ஏனென்றால் சிறுநீர் நின்றவருக்குக் குடல் வழியாகத்தான் கொஞ்சம் வெளியேறுகிறது. மருத்துவரிடம் கேட்டு மருந்து எடுங்கள்.

பாஸ்பரஸ் மெதுவாகக் கெடுப்பது. அரிப்பு, எலும்பு பலவீனம், ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிவது எல்லாம் அதனால்தான். பால், தயிர், கொட்டை வகைகளைக் குறையுங்கள். கோலா பானமும் பதப்படுத்திய இறைச்சியும் அடியோடு வேண்டாம், அவற்றில் சேர்க்கும் பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுவதும் உறிஞ்சப்படும். கால்சியம் அசிடேட், செவெலமர் போன்ற மாத்திரைகள் சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைப்பவை. சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால்தான் வேலை செய்யும். இரவு படுக்கும்போது மொத்தமாக விழுங்குவது மாத்திரையைக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

படி 5: நாற்காலியில் இருக்கும் நான்கு மணி நேரம்

அரை மணி நேரம் முன்னதாகவே கழற்றிவிடச் சொல்லும் பழக்கம் வேண்டாம். வாரத்துக்கு மூன்று முறை என்றால் அது ஒன்றரை மணி நேரச் சுத்திகரிப்பை இழப்பது. சிறுநீர் இன்னும் நன்றாக வரும் சிலருக்கு வாரம் இரண்டு போதும் என்று மருத்துவர் சொல்லலாம். செலவுக்காகவோ "நல்லாத்தானே இருக்கேன்" என்றோ நீங்களே மூன்றை இரண்டாக்கக் கூடாது. சுத்திகரிப்பு போதுமா என்பதை ரத்தத்திலுள்ள யூரியா என்ற கழிவு எத்தனை சதவீதம் குறைந்தது என்று வைத்துப் பார்ப்பார்கள். 65-க்குக் கீழே இருந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அழுத்தம் அடிக்கடி விழுகிறவர்கள், ரத்த அழுத்த மாத்திரையை டயாலிசிஸ் அன்று எப்போது எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலருக்குக் காலை மாத்திரையைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் நடுவில் வயிறு முட்டச் சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குப் போய் அழுத்தம் விழும்; லேசாக எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் திரவ வெப்பத்தை 36 டிகிரிக்குக் குறைத்து வைத்தாலும் சிலருக்கு மயக்கம் வருவதில்லை. கொஞ்சம் குளிரும், ஒரு போர்வை கொண்டுபோங்கள்.

நம் ஊரில் டயலைசரை (இயந்திரத்தில் ரத்தத்தை வடிகட்டும் பகுதி) கழுவி மறுபடி பயன்படுத்துவது பரவலாக இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் பெயர் உங்கள் பெயர்தானா என்று ஒவ்வொரு முறையும் நீங்களே படித்துப் பாருங்கள்.

படி 6: அரிப்பு, தூக்கம், அசதி

இவை மூன்றையும் நோயாளிகள் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. ரவுண்ட்ஸ் வரும்போது "எப்படி இருக்கீங்க?" என்றால் "பரவாயில்லை சார்" என்று முடித்துவிடுகிறார்கள். சொன்னால்தான் வைத்தியம். அரிப்புக்கு முதலில் சுத்திகரிப்பும் பாஸ்பரஸும் சரியா என்று பார்ப்பார்கள். குளித்த ஈரத்தோடு தேங்காயெண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவுவது உதவும். போதாவிட்டால் டயாலிசிஸுக்குப் பிறகு மிகச் சிறிய அளவில் காபாபென்டின் தருவதுண்டு. சாதாரண அளவில் அதை எடுத்தால் மயக்கத்தில் ஆழ்த்திவிடும், அதனால் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் அதுவும் ஒரு நோய்தான். இரும்புச் சத்துக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம்.

அசதிக்கு நடை உதவும். டயாலிசிஸ் இல்லாத நாளில் பத்து நிமிடம் மொட்டை மாடியில் நடந்து, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். அரை மணி வரை வந்தால் படி ஏறும்போது வித்தியாசம் தெரியும்.

படி 7: ரத்தம், மருந்து, தடுப்பூசி

ஹீமோகுளோபின் 10-க்கும் 11.5-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. ரத்தச் சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசியும், நரம்பு வழி இரும்புச் சத்தும் அதற்குத்தான். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர் தவிர்க்க முடியாத நிலையில் மட்டும் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறர் ரத்தம் ஏறும்போது உடம்பில் எதிர்ப்பொருள்கள் உருவாகி, பின்னால் பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதைக் கடினமாக்கும்.

மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி டயாலிசிஸ் நோயாளிக்கு இரட்டை அளவில் நான்கு தவணை. பிறகு எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று ரத்தப் பரிசோதனை. ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும், நிமோனியா ஊசி மருத்துவர் சொல்லும் முறையில். ஹெபடைடிஸ் சி தொற்றிவிட்டால் வாழ்நாள் தலைவிதி என்ற காலம் போய்விட்டது. 12 வார மாத்திரையில் 90 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தொடாதீர்கள். மிச்சமிருக்கும் கொஞ்ச சிறுநீரும் நின்றுபோகும். தினமும் 300 மில்லி சிறுநீர் வருவதுகூடப் பெரிய சொத்து. 'கிட்னியைக் குணமாக்கும்' என்று விற்கும் பொடிகளையும் பஸ்பங்களையும் பற்றி அதே எச்சரிக்கை. இன்சுலின் எடுப்பவர்களுக்கு இன்னொன்று: சிறுநீரகம் செயலிழந்தால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். பழைய அளவையே போட்டால் நடுராத்திரியில் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

படி 8: மனமும் வீடும்

டயாலிசிஸில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது. சாப்பாட்டில் பிடிப்பு இல்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, டயாலிசிஸுக்குப் போகவே மனமில்லை என்று இரண்டு வாரம் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதற்கு மருந்தும் இருக்கிறது, பேசித் தீர்க்கும் சிகிச்சையும் இருக்கிறது.

தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைவது, ஆண்மைக் குறைவு, மாதவிடாய் தவறுவது எல்லாம் இந்த நோயில் மிகச் சாதாரணம். நம் வீடுகளில் கணவன் மனைவிகூட இதைப் பேசுவதில்லை, ஒருவரையொருவர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். மருத்துவரிடம் இருவரும் சேர்ந்தே கேளுங்கள். மாதவிடாய் தவறினாலும் கருத்தரிக்க வாய்ப்பு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

வேலைக்குப் போக முடிகிறவர்கள் விடாமல் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதிகாலை ஷிப்டோ இரவு ஷிப்டோ கேட்டு வாங்கினால் பகல் மிஞ்சும். கூடவே வரும் மனைவிக்கோ மகளுக்கோ வாரத்தில் ஒரு டயாலிசிஸ் நாளாவது விடுப்பு கொடுங்கள். தனியாகப் போய்வர முடிகிறவர் தனியாகப் போகலாம். அவருக்கும் அது தைரியம்.

படி 9: பணம்

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் கிடைக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதியலாம். சென்னையில் 1993-ல் தொடங்கிய டேங்கர் ஃபவுண்டேஷன் ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் டயாலிசிஸ் செய்கிறது. டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ ரயிலில் போகும் நோயாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்கான சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

படி 10: ஊருக்குப் போவதும் மழைக்காலமும்

திருப்பதியோ குலதெய்வக் கோயிலோ, டயாலிசிஸுக்கு மறுநாள் கிளம்புங்கள். போகும் ஊரில் டயாலிசிஸ் இடத்தை முன்கூட்டியே பதிந்து, கடைசி ரத்தப் பரிசோதனை, ஹெபடைடிஸ் அறிக்கைகள், டிரை வெயிட், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்தின் அளவு எழுதிய தாள் எல்லாவற்றையும் கையோடு வையுங்கள்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் தொடர்ந்து தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளமும் வந்தபோது சாலையும் மின்சாரமும் நாள்கணக்கில் இல்லை. அக்டோபர் பிறந்ததும் தயாராகிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் முன்னதாகவே டயாலிசிஸ் செய்துகொள்ளக் கேளுங்கள். வீட்டுக்குள் மாட்டிக்கொண்டால் அன்றிலிருந்தே திரவத்தைப் பாதியாக்குங்கள். பழம், கீரை, பருப்பு வேண்டாம். வெள்ளைச் சோறு, ரொட்டி, பொரி, சர்க்கரை என்று பசியாறுங்கள். பொட்டாசியத்தைக் குறைக்கும் பொடியை மருத்துவரிடம் முன்பே கேட்டு வாங்கி, எப்போது எவ்வளவு எடுப்பது என்று எழுதி வையுங்கள்.

படி 11: வேறு வழிகளையும் விசாரியுங்கள்

வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் சிஏபிடி முறையைப் பற்றிப் பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை. நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை, பொதுவாக இரண்டிரண்டு லிட்டர் திரவம் மாற்ற வேண்டும். டயாலிசிஸ் மையம் தொலைவில் உள்ள கிராமத்தவருக்கும், படிக்கும் பிள்ளைகளுக்கும், இதயம் பலவீனமானவர்களுக்கும் இது நல்ல வழி. சுத்தம் முக்கியம், வெளியே வரும் திரவம் கலங்கலாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தத் திரவப் பைகளும் வழங்கப்படுகின்றன.

பொருத்தமானவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. இந்தியாவில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1971-ல் அது வெற்றிகரமாக நடந்தது. பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரப் பிள்ளைகள் தானம் தரலாம். ரத்த வகை பொருந்தாத இரு குடும்பங்கள் பரிமாறிக்கொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது. உறவில் யாரும் இல்லையென்றால் உங்கள் மருத்துவமனை மூலம் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். வீட்டில் தானம் என்றதும் எல்லோர் கண்ணும் அம்மாவையோ மனைவியையோ பார்க்கிறது. அண்ணன் தம்பிகளும் பரிசோதனைக்கு வர வேண்டும்.

மிகவும் வயதாகி, பல நோய்களால் தளர்ந்த ஒருவர் டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவெடுக்கவும் உரிமை உண்டு. அப்போதும் மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் அரிப்புக்கும் சிகிச்சை தொடரும். அந்த முடிவை அவர் வாயாலேயே, தெளிவாக இருக்கும்போதே, பிள்ளைகளுக்கு முன்னால் மருத்துவரிடம் சொல்லவிடுங்கள்.

சுவரில் ஒட்ட வேண்டிய தாள்

உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள் இவை. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருப்பது. கை கால் திடீரென்று தளர்வது, நெஞ்சு படபடப்பது: பொட்டாசியமாக இருக்கலாம். காய்ச்சலோடு நடுக்கம். நெஞ்சு வலி. ஃபிஸ்டுலாவில் அதிர்வு நிற்பது. ஃபிஸ்டுலாவிலிருந்து ரத்தம் கொட்டினால் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடாதீர்கள். கசியும் புள்ளியில் விரலை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, 108-ஐ அழையுங்கள். அழைத்ததும் முதலில் சொல்ல வேண்டியது "டயாலிசிஸ் பேஷன்ட்", அடுத்து, கடைசி டயாலிசிஸ் எந்தக் கிழமை நடந்தது என்பது.